நம்ம படம் என்பதற்காகப் பொய் சொல்லலாமா?

சென்ற விடுமுறைக்குத் தஞ்சோங் டாவாய்க்குத் திரும்பியபோது என் சித்தி மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, அந்தப் படத்த நீ நெசமாவே பாத்தியா?"

பார்த்திருந்தேன். ஒரு நிமிடம்கூட விடாமல் பார்த்திருந்தேன். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

நான் பினாங்கில் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் இந்திய மாணவர் சங்கம் மாதம் ஒருமுறை ஓர் இதழ் வெளியிடுகிறது. கைப்பேசியில் படிக்கிற பன்னிரண்டு பக்க இதழ்தான். அதில் திரைப்பட விமர்சனம் என் பொறுப்பு. இவ்வாண்டு உள்ளூர்த் தமிழ்ப்படம் ஒன்று வெளிவந்தது. பெயர் வேண்டாம். முதல் பாதி நன்றாக இருந்தது. இரண்டாம் பாதியில் யார் எதற்காக யாரை அடிக்கிறார்கள் என்றே விளங்கவில்லை. கதாநாயகி மூன்று பாடல்களுக்கு வந்துவிட்டுக் காணாமல் போனார். இதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பினேன்.

அன்றிரவே சங்கத்து அண்ணன் ஒருவர் அழைத்தார். "தங்கச்சி, வர்ற வெள்ளிக்கிழமை படக்குழு நம்ம வளாகத்துக்கு வர்றாங்க. கொஞ்சம் பாத்து எழுதும்மா. நம்ம படம்தானே, நாமளே கைகொடுக்கலன்னா வேற யார் கொடுப்பா?"

பார்த்து எழுதினேன். "இரண்டாம் பாதியில் கதை சிதறிவிடுகிறது" என்பது "இரண்டாம் பாதியில் கதை வேறொரு தளத்துக்குச் செல்கிறது" என்று மாறியது. "கதாநாயகிக்கு வேலையே இல்லை" என்பது "கதாநாயகி வந்த காட்சிகளில் மனத்தைக் கவர்கிறார்" என்று ஆனது. ஐந்தாம் படிவத்தில் கட்டுரைக்கு நல்ல புள்ளி வாங்கியவள் நான். இப்படிச் சொல்மாற்றம் செய்வது கடினமாக இல்லை. வெள்ளிக்கிழமை படக்குழுவினர் வந்தார்கள், கைகுலுக்கினார்கள், என்னோடு படம் பிடித்துக்கொண்டார்கள். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் தம்பி நான்காம் படிவம். சனிக்கிழமை காலைகளில் கருவாட்டுக் கொட்டகையில் நெத்திலி தலை கிள்ளும் வேலைக்குப் போவான். கிள்ளக் கிள்ள விரல் நுனியெல்லாம் உப்பு அரித்துப் போகும். அந்தக் காசில்தான் அவனும் அவன் நண்பர்கள் மூவரும் சுங்கைப் பட்டாணிக்குக் கிராப் எடுத்துப் போய் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். போக வர வண்டிக் கூலி, டிக்கெட், ஆளுக்கு ஒரு தண்ணீர். சோளப்பொரி வாங்கவில்லையாம், கட்டுப்படியாகவில்லை. "ஒன் பேர் போட்டு நல்லா இருக்குன்னு எழுதியிருந்துச்சு. அத நம்பித்தான் போனோம்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சோங் டாவாய், மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. கருவாடு, நெத்திலி, பெலாச்சான் வாங்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஆற்றைக் கடந்து பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகில் போகலாம். திரையரங்கு கிடையாது. படம் பார்ப்பதென்றால் சுங்கைப் பட்டாணிக்குத்தான் போக வேண்டும். போய்வர அரை நாள் ஆகிவிடும். என் அப்பா கருவாட்டு லோரி ஓட்டுபவர். வீட்டில் எல்லாரும் சேர்ந்து அரங்குக்குப் போவது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நடந்தால் பெரிது. தலைநகரில் இருக்கும் மாணவருக்கு ஒரு படம் சரியில்லை என்றால் அடுத்த வாரம் இன்னொரு படம். எங்களுக்கு அப்படி இல்லை. எந்தப் படத்துக்குப் போவது என்பது வீட்டில் கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயம். விமர்சனம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் எழுதப்பட வேண்டும் என்பது தம்பி கேட்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

சங்கத்து அண்ணன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே தமிழ்ப்படம் எடுப்பது லேசான காரியம் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து வரும் பெரிய நடிகர்களின் படங்களோடு அதே வாரத்தில், அதே திரைகளுக்காகப் போட்டி போட வேண்டும். உள்ளூர்ப் படங்களை அரங்குகள் திரையிட்டே ஆகவேண்டும் என்று 'வாஜிப் தாயாங்' திட்டம் இருந்தாலும், எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள் என்பதுதான் கடைசியில் ஒரு படத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முதல் நாள்களில் வரும் ஒரு கடுமையான விமர்சனம் புலனத்தில் சுற்றிச் சுற்றிப் பரவினால் படம் படுத்துவிடும். கடன் வாங்கிப் படம் எடுத்தவர் என்ன ஆவார்? இந்தக் கேள்வி எனக்கும் உண்டு.

ஆனால் 2016-ஆம் ஆண்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவுக்குத் தமிழில் எடுக்கப்பட்ட 'ஜகாட்', பல மொழிகள் கலந்து பேசும் 'ஓலா போலா' ஆகிய படங்கள் சிறந்த படத்துக்கான முதன்மைப் பிரிவில் இல்லாமல், மலாய்மொழி அல்லாத படங்களுக்கென்று தனியாக ஒதுக்கிய பிரிவில் வைக்கப்பட்டன. எதிர்ப்பு கிளம்பியது. குரல் கொடுத்தவர்கள் தமிழர்களும் சீனர்களும் மட்டுமல்லர். நடிகர் அஃப்டலின் சௌகி உட்பட மலாய்த் திரையுலகினரே ஒதுங்கி நின்று எதிர்ப்பைக் காட்டினர். பிறகு ஏற்பாட்டை மாற்றினார்கள். 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை வென்றது.

அப்போது நாம் கேட்டது என்ன? எங்கள் படத்தை மொழியைப் பார்த்து எடைபோடாதீர்கள், படத்தைப் பார்த்து எடைபோடுங்கள் என்றுதானே? அதையே இப்போது நாம் செய்கிறோமா? "தமிழ்ப்படம், அதுவும் உள்ளூர்ப் படம், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பார்க்கணும்" என்று சொல்லும்போது நாமும் தனிப்பிரிவு ஒன்றைத் திறந்து, நம் படங்களை அதற்குள் தள்ளிவிடுகிறோம். அவர்கள் வெளியே நிறுத்திச் செய்ததை நாம் அணைத்துக்கொண்டு செய்கிறோம், அவ்வளவுதான். படம் எடுக்கும் தொழிலுக்கு நாம் ஒன்றும் புதியவர்களும் அல்லர். மலாய்ப் படங்களின் தொடக்க காலத்து இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். அவர்களுக்கு யாரும் பாவம் பார்த்துக் கைதட்டவில்லை.

ஆகவே, நான் இதுவரை நண்பர்களிடமும் இதழிலும் மழுப்பிப் பேசிய சில படங்களைப் பற்றி நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். என் வீட்டிலேயே இல்லை.

முதலில் 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 இறுதியில் வெளிவந்தது. இந்நாட்டில் எடுக்கப்பட்ட தமிழ்ப்படங்களில் நான் பார்த்தவரை இதுவே முதலிடம். இங்கே விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வெளியேறிய பிறகு, 1990-களின் தொடக்கத்தில், புறம்போக்கு வீடுகளில் வாழ்ந்த ஒரு குடும்பம். அப்போய் என்கிற பன்னிரண்டு வயதுப் பையன். எப்படியாவது மகன் படித்துத் தேறிவிட வேண்டும் என்று பிரம்பும் கையுமாக நிற்கும் அப்பா மணியம். குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா மெக்சிகோ. போதையிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் இன்னொரு சித்தப்பா பாலா. பையனுக்குக் கற்பனை அதிகம். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கற்பனையை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனைப் பார்த்து 'ஜகாட்' என்கிறார்கள். மலாயில் 'ஜாஹாட்' என்றால் கெட்டது. நம் வாயில் புகுந்து ஜகாட் ஆயிற்று. தலைப்பிலேயே நம் தமிழ் இருக்கிறது.

நான் இதை முதலில் பார்த்தது பதினாறு வயதில், தொலைக்காட்சியில். என்னைப் பிடித்து இழுத்தது சண்டைக்காட்சிகள் அல்ல. அந்த அப்பாதான். அவர் கெட்டவர் அல்லர். தோட்டத்தில் தனக்குக் கிடைக்காததை மகனுக்குக் கொடுக்க நினைக்கிறார். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி அடி. அவர் அடிக்க அடிக்க மகன் மெக்சிகோவை நோக்கி நகர்கிறான். இதை யாரும் வசனத்தில் சொல்லவில்லை. நாமே பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். தோட்டத்து மக்கள் பட்டணத்துக்கு வந்து ஏன் தடம்புரண்டார்கள் என்று மேடைகளில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்செல்லாம் எனக்குப் புரியவைக்காததை இந்தப் படம் ஒரு வீட்டுக்குள்ளேயே காட்டிவிட்டது.

குறை? உண்டு. பெண்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அப்போயின் அம்மா என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குண்டர்கள் நடந்துவரும் சில காட்சிகளை இயக்குநர் கொஞ்சம் ஆசையாகவே படமாக்கியிருக்கிறார். இடைநிலைப்பள்ளியில் என் வகுப்புப் பையன்கள் பலருக்கு அந்த நடைதான் நினைவில் நின்றது. இதைச் சொன்னால், "விருது வாங்கின படத்தையே குறை சொல்றியா?" என்கிறார்கள். விருது வாங்கிய படம் என்பதால்தான் குறையைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது. தாங்கும் படம் அது.

'கபாலி'யைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும். 2016 ஜூலையில் வந்தபோது எனக்கு 11 வயது. மாமாவின் வேனில் ஒன்பது பேர் சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். அரங்கில் விசில் காது கிழிந்தது. பாட்டி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெடோங் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். ரஜினி கோட்டு சூட்டோடு நடந்து வந்தபோது என் காதில், "தோட்டத்துல தொரையும் கெராணியுந்தான் டிப்டாப்பா உடுத்துவாங்க. கோட்டு போட்ட தமிழன நான் பாத்ததே இல்ல" என்றார். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இயக்குநர் பா. ரஞ்சித் வைத்த அரசியலைப் பற்றிப் பின்னர் எத்தனையோ கட்டுரை படித்தேன். பாட்டி சொன்னதைவிட அதிகமாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் வளர்ந்த பிறகு மறுபடி பார்த்தபோது படம் இரண்டாகப் பிளந்து தெரிந்தது. இறந்துவிட்டதாக நினைத்த மனைவியைத் தேடிக் கபாலி போகும் பகுதி அருமை. பேசாமல் இருக்கும் ரஜினியை அதில்தான் பார்த்தேன். தோட்டத்தில் கூலி உயர்வுக்காகக் குரல் எழுப்பும் பழைய காட்சிகளும் பிடித்தன; அவை இன்னும் நீண்டிருக்கலாம். மற்றபடி துப்பாக்கிச் சண்டைகள் எந்த ஊரில் வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடியவை. நம் இளைஞர்கள் குண்டர் கும்பலில் சேர்ந்து சீரழிவதைப் பற்றிக் கவலைப்படுவதாகச் சொல்லும் படம், ஒரு கும்பல் தலைவரைத்தான் விடிவெள்ளியாகக் காட்டுகிறது. அவர் பள்ளி நடத்துகிறார், சரி. ஆனால் அரங்கைவிட்டு வெளியே வந்த பையன்கள் பள்ளி நடத்துவதுபோல நடித்துக்காட்டவில்லை. மலேசியாவில் திரையிட்ட பிரதியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாகக் கடைசியில் எழுத்தில் போட்டார்கள். இரண்டரை மணி நேரம் காட்டியதை ஒருவரி எழுத்து எப்படி மாற்றும்? 'ஜகாட்'டும் 'கபாலி'யும் ஒரே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டன. ஒரு பையன் ஏன் கும்பலுக்குப் போகிறான் என்பதைச் சின்னப் படம் நின்று யோசித்தது. பெரிய படம் விசிலுக்கு நடுவே கடந்துபோய்விட்டது.

அடுத்தது எங்கள் மாநிலத்துக்காரர்களின் சொந்தத் துக்கம். 'கடாரம் கொண்டான்' என்று 2019-இல் ஒரு படம். கடாரம் என்றால் கெடா! ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடற்படையை அனுப்பி வென்ற மண். பூஜாங் பள்ளத்தாக்கும் மெர்போக் அருங்காட்சியகமும் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம். விக்ரம் நடிக்கிறார், தலைப்பு இப்படி, ஜெராய் மலையாவது ஒரு காட்சியில் வந்துபோகும் என்று காத்திருந்தேன். கதை முழுக்கக் கோலாலம்பூரில் நடக்கிறது. பிரெஞ்சுப் படம் ஒன்றைத் தழுவிய துரத்தல் கதை. துரத்தல் மோசமில்லை, வேகமாகவே போகிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரை விட்டுவிட்டார்கள். சோழனின் படையாவது நேரில் வந்தது.

தமிழ்நாட்டுப் படங்களுக்கு நம் நாடு பெரும்பாலும் ஒரு பின்னணித் திரைதான். 'பில்லா' (2007) பத்துமலைக்கு வந்து ஒரு பாட்டோடு போனது. அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

பாலாவின் 'பரதேசி'யை (2013) இங்கே சேர்க்கக் காரணம், அது தோட்டக் கதை. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவலைத் தழுவியது. ஆள்கட்டும் கங்காணி, திரும்பி வர முடியாத பயணம், கடனுக்குக் கழியும் கூலி எல்லாம் நம் முன்னோர் கதையேதான். ஊரைவிட்டு அவர்கள் நடந்து போகும் காட்சியில் நான் அழுதேன். ஆனால் டேனியல் தோட்டத்தில் மருத்துவராக இருந்து தொழிலாளர் பக்கம் நின்று சங்கம் கட்டியவர். அவர் நாவலை எடுத்துக்கொண்ட படத்தில் தோட்டத்துக்கு வரும் மருத்துவர் ஆட்டம் பாட்டத்தோடு மதம் பரப்பும் கேலிப் பாத்திரமாகிவிடுகிறார். தொழிலாளர்களுக்குப் போராடவும் தெரிந்திருந்தது என்ற செய்தி படத்தில் காணாமல் போயிற்று. எல்லாரும் அழுதுகொண்டே இருக்கிறார்கள். பாட்டியோடு சேர்ந்துதான் பார்த்தேன். பாதியில் எழுந்து போய்விட்டார். கேட்டதற்கு, "இப்டி குந்திகிட்டு அழுவ எங்களுக்கு ஏதும்மா நேரம்? நாலு மணிக்கு எழும்பி ஆக்கி வெச்சிட்டு, பெரட்டுக்கு ஓடணும்" என்றார். எந்த விமர்சகரும் அந்தப் படத்தைப் பற்றி இப்படிச் சொல்லி நான் படித்ததில்லை.

தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) இதற்கு நேரெதிர். படிக்க ஆசைப்படும் ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதை. மெதுவாகப் போகும், என் தோழிகள் இருவர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். இன்னொரு முறை பார்க்க வேண்டும். விமலா பெருமாளின் 'வெடிகுண்டு பசங்க' (2018) வேறு வகை. நம்மூர் ஆள்கள் பேசுவதுபோல் பேசி, நம்மூர் ஆள்களை அரங்குக்கு வரவழைத்தது. உலகத் தரம் என்றெல்லாம் அதைத் தூக்கிவைக்கத் தேவையில்லை. சிரிக்கவைக்கும் என்று சொன்னால் போதும், அது உண்மை.

யாஸ்மின் அஹ்மாட் 2009-இல் எடுத்த 'டேலன்டைம்' அவரது கடைசிப் படம். அதே ஆண்டில் அவர் காலமானார். காது கேளாத மகேஷ் என்ற இந்து இளைஞனும் மெலூர் என்ற முஸ்லிம் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். மலாய்க்கார இயக்குநர் ஒருவர் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குள் இவ்வளவு அருகில் வந்து உட்கார்ந்து பார்த்தது எனக்கு வியப்பு. மகேஷின் மாமா கல்யாண நேரத்தில் இறந்துபோகிறார். துக்கம் நடந்த பக்கத்து வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் இடையே வெடித்த சச்சரவு அது. அதன்பின் மகேஷின் அம்மாவுக்கு வரும் வெறுப்பை இயக்குநர் நியாயப்படுத்தவில்லை, திட்டவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி மலாய்ப்பெண். இருவரும் சேர்ந்து பார்த்தோம். முடிந்த பிறகு வெகுநேரம் விளக்கைப் போடவில்லை. ஒரே ஒரு குறை: தமிழ்க் குடும்பத்துப் பையனின் காதலுக்கு இந்திப் பாட்டு. ஒரு தமிழ்ப் பாட்டு கிடைக்கவில்லையா என்று தோன்றியது. அறைத்தோழியிடம் சொன்னேன். இரண்டும் வேறு மொழி என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்படி நல்லதையும் அல்லாததையும் சேர்த்துப் பேசுவது தமிழுக்குப் புதிதல்ல. கல்கி, 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளையும் படங்களையும் கிண்டலும் கண்டிப்புமாக எழுதினார். அதே விகடன் பிற்காலத்தில் படங்களுக்கு மார்க் போட்டது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) வாங்கிய 62.5 தான் அதில் மிக உயர்ந்தது என்பார்கள். நூற்றுக்கு 62.5! நம் தேர்வுக் கணக்கில் அது 'ஏ' கூட இல்லை. அதை வாங்கிய படத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள். இப்போது புலனத்தில் வரும் விமர்சனங்களில் எல்லா உள்ளூர்ப் படத்துக்கும் ஐந்துக்கு நான்கரை. திரைப்பட வரலாற்றாசிரியர் சு. தியடோர் பாஸ்கரனின் நூல்களைப் படித்தபோதுதான், கதைச்சுருக்கமும் பாட்டும் நடிப்பும் மட்டுமே விமர்சனம் ஆகாது, கேமரா என்ன சொல்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும் என்று எனக்கு உறைத்தது. இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பள்ளியில் யாரும் இதைக் கற்றுத்தரவில்லை. தமிழ்ப்பள்ளியிலும் சரி, இடைநிலைப்பள்ளியிலும் சரி, கவிதை வந்தால் நயம் பாராட்டு என்றார்கள். கதை வந்தால் படிப்பினை எழுது என்றார்கள். திரைப்படம் வந்தால் "திரைப்படங்களால் விளையும் நன்மை தீமைகள்" என்று ஒரு கட்டுரை. 'இந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால்...' என்று எழுதிய விடைத்தாளை நான் கண்டதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்றே வளர்ந்தோம். அதனால் ஒன்று வாயை மூடிக்கொள்கிறோம், அல்லது பெயர் தெரியாத இடத்தில் போய் வாய்க்கு வந்தபடி ஏசுகிறோம். இரண்டுக்கும் நடுவே காரணத்தோடு சொல்வதென்று ஒன்று இருக்கிறது.

உள்ளூர்ப் படத்துக்கு உதவ வேண்டும் என்றால் டிக்கெட் வாங்கிப் போய் உட்காருங்கள். நானும் போவேன். படம் சுமார்தான் என்று தெரிந்தும் போவேன், நான்கு பேரைக் கூட்டிக்கொண்டும் போவேன். "படம் சுமார், ஆனால் முதல் பாதிக்காகவும் அந்தப் புதுப்பையனின் நடிப்புக்காகவும் பார்க்கலாம்" என்று எழுதினால் என் தம்பி அப்போதும் போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தே போயிருப்பான். இயக்குநருக்கும் இரண்டாம் பாதியைப் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவர் எங்கள் வளாகத்துக்கு வந்து, நாற்பது மாணவர்களைச் சந்தித்து, கைதட்டல் தவிர வேறெதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். அவருடைய அடுத்த படத்துக்கு நாங்கள் கொடுத்தனுப்பியது அவ்வளவுதான்.

ஊரிலிருந்து திரும்பியதும் சங்கத்து அண்ணனிடம் பேசினேன். முதலில் எழுதிய விமர்சனத்தை அடுத்த இதழில் போடலாமா என்று கேட்டேன். "இப்ப எதுக்கும்மா, படமே போயிருச்சே" என்றார். அதுவும் உண்மைதான். இனிமேல் எழுதுபவற்றைத் திருத்தாமல் போடுவதாக இருந்தால் தொடர்கிறேன் என்றேன். குழுவில் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

தம்பிக்கு அந்தப் பழைய பிரதியைப் புலனத்தில் அனுப்பினேன். படித்துவிட்டு, "இதத்தான மொதல்லயே போட்டிருக்கணும்" என்று பதில் வந்தது. நெத்திலிக் காசை நான் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான். அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையில் உள்ள படங்களை வரிசையாகப் பார்க்கச் சொன்னேன்; நான்கு படம் பார்த்து முடித்துவிட்டான். போன வாரம் தன் கையால் எழுதிய ஒரு தாளைப் படம்பிடித்து அனுப்பினான். 'கபாலி'யைப் பற்றி நான் சொல்வது தப்பாம், பாட்டி சொன்னதுதான் சரியாம். 'ஜகாட்' அப்பா அவனுக்கு எங்கள் மாமாவை நினைவூட்டினாராம். 'டேலன்டைம்' போரடிக்கிறது என்று எழுதி, ஏன் என்று மூன்று காரணம் போட்டிருக்கிறான். அவற்றில் ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை.